வருத்தப்படத் தெரிந்த இயந்திரம்

போக்கர் பற்றி வாசகர் ஒருவர் மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார். எந்தச் சீட்டு வந்தால் ஆடலாம், எப்போது கவிழ்த்துவிட வேண்டும்? கையில் ஒன்றுமே இல்லாதபோது பந்தயத்தை ஏற்றுவது கெட்டிக்காரத்தனமா, அசட்டுத் துணிச்சலா? ஆட்டத்தில் தேற என்ன வழி?

முதல் கேள்விக்குப் பாதி விடை ரம்மி ஆடுகிற எவருக்கும் தெரியும். கை சரியில்லை என்றால் தொடக்கத்திலேயே ஸ்கூட் விட்டு 20 புள்ளியோடு தப்பிப்பதும், ஆசையில் இழுத்துக்கொண்டே போய் 80 வாங்குவதும் கல்யாண வீட்டு மொட்டை மாடிகளில் அன்றாடம் நடப்பவை. போக்கரும் அப்படித்தான். உலகெங்கும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில், தனக்கென்று வரும் இரண்டு சீட்டும் ஏஸாக இருப்பது சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான். எட்டு ஒன்பது பேர் சுற்றி உட்கார்ந்த ஆட்டத்தில், தனக்கு வருகிற கைகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்தவுடன் கவிழ்த்துவிடுகிறவரே நல்ல ஆட்டக்காரர்.

இரண்டாவது கேள்வி ருசியானது. கையில் இல்லாததை இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் ஏற்றுவதை ஆங்கிலத்தில் பிளஃப் என்பார்கள். நம் பேச்சில் அது உதார். உதார் விடுவது குணத்தைப் பொறுத்தது, நெஞ்சழுத்தம் உள்ளவன் விடுவான் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அதைக் கணக்குப் பலகைக்கு இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன். ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து 1944இல் அவர் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்றே தனிப்பகுதி உண்டு. அதில் கிடைத்த விடை இன்றும் வியக்க வைக்கிறது: மிக நல்ல கையோடு பந்தயம் கட்டு, மிக மோசமான கையோடும் கட்டு, நடுத்தரமான கையோடு சும்மா இரு.

காரணம் எளிது. நடுத்தரமான கை, பந்தயம் கட்டாமல் இருவரும் சீட்டைத் திறந்தாலே சில வேளை ஜெயித்துவிடும். அதை வைத்து மிரட்டினால் நம்மைவிட மோசமான கை உள்ளவர் விலகிப்போவார், நல்ல கை உள்ளவர் மட்டும் நிற்பார். ஆக, இரண்டு பக்கமும் நமக்கு லாபமில்லை. படுமோசமான கைக்கு அந்தக் கவலையே கிடையாது. திறந்தால் தோல்வி நிச்சயம். எதிராளி விலகினால் மட்டுமே அதற்கு வாழ்வு.

எத்தனை முறை உதார் விடலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நடுவில் 100 புளியங்கொட்டை கிடக்கிறது, ஒருவர் இன்னும் 100 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி 100 போட்டால் 200 கிடைக்கலாம். மூன்றில் ஒருமுறை அவர் ஊகம் பலித்தாலே அவருக்கு நட்டமில்லை. ஆகவே இப்படிக் கட்டும் மூன்று பந்தயங்களில் ஒன்று உதாராக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், எதிராளி நின்றாலும் விலகினாலும் ஒன்றுதான். நம்மைப் படித்து அவர் எதையும் பறிக்க முடியாது.

இந்த அளவுகளை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்ட இயந்திரம் ஒன்று உண்டு. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட விடுதி ஒன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமாஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ராடஸ் என்னும் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியே மோதியது. 20 நாள், 1,20,000 கைகள். அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்: ஓர் அறையில் மனிதருக்கு வந்த அதே சீட்டு இன்னோர் அறையில் இயந்திரத்துக்குப் போகும். மனிதர்கள் ஒவ்வோர் இரவும் கூடிப் பேசி, மறுநாள் அதன் ஓட்டைகளைத் தேடினார்கள். இயந்திரமும் இரவோடிரவாக அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. முடிவில் அதன் பக்கம் 17,66,250 டாலர் மதிப்புள்ள வில்லைகள் கூடியிருந்தன.

அது கற்ற விதம்தான் அருமை. கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2007இல் வெளியிட்ட ஒரு முறையின் வழியில் வந்தது அது. இயந்திரம் தன்னோடு தானே ஆடுகிறது. முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவதுபோல் தாறுமாறாக ஆடும். கை முடிந்ததும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் திரும்பிப் போய், அங்கே வேறு மாதிரி செய்திருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் வருத்தம். எந்த வழியைத் தவறவிட்டதில் வருத்தம் அதிகமோ, அந்த வழியை அடுத்தடுத்த ஆட்டங்களில் அதிகமாக நாடும். இப்படிக் கோடிக்கணக்கான கைகளுக்குப் பிறகு, மோசமான கையோடு உதார் விடுவதை அதுவாகவே கண்டுகொள்கிறது.

இந்தப் பக்கத்தை எழுதுபவரின் பெரியப்பாவும் வருத்தப்படுவதில் வல்லவர். ரம்மியில் ஸ்கூட் விட்டபின் கட்டின் மேல்சீட்டைப் புரட்டிப் பார்ப்பார். தனக்கு வேண்டிய ஜோக்கர் அங்கே இருந்துவிட்டால் அன்று பொழுது சாயும்வரை பேச்சு அதுவே. வந்துவிட்ட அந்த ஒரு சீட்டை வைத்து அவர் வருந்தினார். இயந்திரமோ வரக்கூடிய எல்லாச் சீட்டுகளையும் கோடி முறை கூட்டிப் பார்த்து வருந்துகிறது. இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் இரண்டு ராஜா வைத்திருப்பவரிடம் நூற்றுக்கு 18 முறை தோற்பார். அந்தப் பதினெட்டில் ஒன்று நேர்ந்துவிட்டதால் பந்தயம் கட்டியது பிசகாகிவிடாது. முடிவைப் பார்த்து முடிவெடுத்த விதத்தைக் குறைசொல்லும் பழக்கத்தை ரிசல்ட்டிங் என்று போக்கர்காரர்கள் கண்டிப்பார்கள். பரீட்சை, வியாபாரம், விவசாயம் எல்லாவற்றிலும் நாம் செய்கிற தப்பு அது.

இவ்வளவு அழகான கணக்கு, நம் ஊரில் பணத்தைக் கரைக்கும் செயலியாக மட்டுமே அறிமுகமானது பெரிய சோகம். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சொல்லி, இணைய ஆட்டங்களுக்கு மாநில அரசு போட்ட தடையிலிருந்து அவற்றை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடுத்துவிட்டது. திறமை ஆட்டம் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவர் ஒவ்வொரு கையிலும் தன் பங்கை எடுத்துக்கொண்டேயிருந்தால், சமமான திறமை உள்ளவர்கள் கூடி ஆடினாலும் எல்லோர் பணமும் மெல்லக் குறையும். விட்டதைப் பிடிக்க நள்ளிரவில் கடன் வாங்கி ஆடுபவருக்கு அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

தேறும் வழி கேட்ட வாசகருக்கு ஒரு சீட்டுக்கட்டும் ஒரு நோட்டும் போதும். கையில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்) சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரித்த மூன்றில் இரண்டு ஆட்டின் என்று எடுத்து வைக்க வேண்டும். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃப்ளஷுக்கு இன்னும் ஒன்று வேண்டும். கட்டில் மீதி ஒன்பது ஆட்டின் இருக்கின்றன, வரவிருப்பவை இரண்டு சீட்டு. ஒன்பதை நான்கால் பெருக்கினால் 36. அதுதான் நூற்றுக்கு எத்தனை என்பதற்கு ஆட்டக்காரர்கள் மனத்தில் போடும் விரைவுக் கணக்கு, சரியான விடை 35. மீதி 47 சீட்டைக் கலைத்து இரண்டிரண்டாக ஐம்பது முறை விரித்து, ஆட்டின் வந்ததா என்று நோட்டில் குறிக்கலாம். 17, 18 பக்கம் வரும், சில நாள் 13 வரும், சில நாள் 22. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிடும் வேலை.