சாரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே: ‘பிசினஸ் கேஷுவல்’ என்னும் எழுதாத சட்டம்

1

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் காலையில் கண் விழிப்பதே விசைத்தறிச் சத்தத்தில்தான். அப்படித் தறி ஓடுகிற ஒரு வீட்டுப் பையன் போன மாதம் கையில் போனோடு வந்து நின்றான். பொறியியல் முடித்தவன். அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். சென்னையில் ஒரு கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேதி, நேரம், முகவரி எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசி வரியில் உடை பற்றி ரெண்டே சொல்: பிசினஸ் கேஷுவல்.

“அப்படின்னா என்ன மாமா? கோட்டு வேணுங்காங்களா, வேண்டாங்காங்களா?”

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பிரதி, வாசிப்பு, கட்டுடைத்தல் என்று இத்தனை வருடம் எழுதியவனுக்கு ரெண்டு சொல் பிடிபடவில்லை. அவனே சொன்னான்: “ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். உங்களுக்கு எது வசதியோ அதப் போட்டுட்டு வாங்கன்னுட்டாங்க. எனக்கு வசதின்னா சாரம்தான். சாரத்தோட போனா வாட்ச்மேன் உள்ள விடுவாரா?”

சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்தபின் கேள்வி அப்படியேதான் இருந்தது. சேலையும் துண்டுமாக நெய்து தள்ளிய வீட்டில், ஒரு நாளைக்கு உடுத்த வேண்டிய துணி எது என்று தெரியவில்லை. இது அந்தப் பையனுடைய அறியாமை என்று விட்டுவிடலாமா? ‘வசதியானதைப் போட்டுக்கொள்’ என்று சொல்லிவிட்டு, எது வசதி என்பதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிற அதிகாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாமா? இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடுகிற முயற்சி.

2

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில், பூப்போட்ட சட்டை தைத்து விற்பவர்களின் சங்கம் ஒன்று 1960களில் ஒரு பிரச்சாரம் நடத்தியது. வெயில் காலத்தில் எதற்குக் கோட்டும் டையும், நம்ம ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வரட்டுமே என்பதுதான் அது. 1966இல் ‘அலோஹா வெள்ளி’ என்று வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று ஒதுங்கியது. கேட்பதற்கு விடுதலை மாதிரி இருக்கிறது. கூடவே சட்டையும் விற்றது.

பிறகு லீவாய் ஸ்ட்ராஸ். ஜீன்ஸுக்குப் பேர்போன கம்பெனி. 1986இல் டாக்கர்ஸ் என்ற பெயரில் பருத்திப் பேண்ட் போட்டது. 1992இல் ஆபீசுக்கு எப்படி ‘கேஷுவலாக’ உடுத்துவது என்று ஒரு கையேடு அச்சடித்து, அமெரிக்கா முழுக்க ஏறத்தாழ 25,000 பணியாளர் துறை மேலாளர்களுக்கு அனுப்பிவைத்தது. மேலாளர்களுக்கும் அப்போது திண்டாட்டம்தான். கோட்டு வேண்டாம் என்றாகிவிட்டது, அப்படியென்றால் எது வேண்டும்? பேண்ட் விற்கிறவனே விதிப் புத்தகத்தையும் எழுதிக் கொடுத்தான். இன்றைக்கு உலக ஒழுக்கம் போலப் பேசப்படுகிற ஒரு விதியை நிலைநிறுத்தியதில் ஒரு வியாபாரக் கையேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்குள் நம்முடைய துணியும் கிடக்கிறது என்பதுதான் வேடிக்கை. அந்தப் பருத்திப் பேண்டின் பிரபலமான நிறம் காக்கி. தூசி நிறம் என்று பொருள்படும் உருதுச் சொல். 1840களில் பஞ்சாப் எல்லையில் ஆங்கிலேயர் திரட்டிய படைக்குக் கொடுத்த நிறம். இன்னொன்று ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே அங்கே விற்ற கட்டம் போட்ட பருத்தித் துணி. 1960களில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்து வசதியான பையன்கள் அதில் சட்டையும் கால்சட்டையும் தைத்துப் போட்டார்கள். துவைத்தால் சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். அந்தக் கட்டத்துக்கும் நம்ம சாரத்தின் கட்டத்துக்கும் அதிக தூரமில்லை. கட்டம் அங்கே போனால் ‘கேஷுவல்’. இங்கே இடுப்பில் சுற்றினால் அநாகரிகம். ஆக, துணியில் ஒன்றுமில்லை. யார், எங்கே, எந்தப் பேரில் உடுத்துகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

3

ரோலான் பார்த் 1967இல் ஃபேஷன் அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் ஆராய்ந்தது துணியை அல்ல. பத்திரிகைகளில் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் வாசகங்களை. உடுத்துகிற உடை ஒன்று, எழுதப்பட்ட உடை வேறொன்று. ஒரு துண்டுத் துணி ‘பாணி’ ஆவது சொல்லின் வழியாகத்தான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

நம் ரெண்டு சொல்லை அப்படி வாசித்துப் பார்ப்போம். வேட்டி என்றால் ஒரு பொருள் கண்ணில் வருகிறது. கோட்டு என்றாலும் வருகிறது. ‘பிசினஸ் கேஷுவல்’ என்றால் எந்தப் பொருளும் வருவதில்லை. குறிப்பான் இருக்கிறது, கையால் தொட்டுக் காட்ட ஒரு துணி இல்லை. எதிர்மறையாக மட்டுமே சொல்ல முடியும்: கோட்டு சூட்டு அல்ல, ஜீன்ஸ் அல்ல, டி-சர்ட் அல்ல, செருப்பு அல்ல. ரெண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் நடக்கத் தெரிய வேண்டும்.

சந்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது? சட்டையை உள்ளே விட்டு ‘இன்’ பண்ண வேண்டும். பெல்ட்டின் நிறமும் ஷூவின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். சாக்ஸ் பேண்டின் நிறத்தை ஒட்டி இருக்க வேண்டும். சட்டை பளபளக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு எடுக்கிற சட்டைதான் வீட்டிலேயே நல்ல சட்டை, அது பளபளக்கும். ‘நல்ல துணி போட்டுட்டுப் போ’ என்று அம்மா எடுத்துக் கொடுப்பது அதைத்தான். அங்கே அதுவே தப்பாகிவிடும். இதில் ஒரு வரிகூட அந்தக் கடிதத்தில் இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகியவனுக்கு எழுதத் தேவையில்லை. அப்பா ஆபீசுக்குப் போன வீட்டில் பிறந்தவனுக்கு அது பாடமே இல்லை, காலையில் பார்த்த காட்சி. ரசனை என்று நாம் சொல்வது வர்க்கம் உடம்பில் படிந்த படிவு என்று பியர் பூர்தியு 1979இல் விரிவாக எழுதியதும் இதைத்தான்.

எழுதிய விதியைப் படித்துக்கொள்ளலாம். எழுதாத விதியைப் பிறப்பால்தான் பெற வேண்டியிருக்கிறது. ‘பிறப்பால்’ என்ற சொல் நமக்குப் புதுசில்லை.

4

உடை விதி என்பது மேற்கிலிருந்து இறங்கிய சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊர் விதிகள் வெளிப்படையாகவே இருந்தன. தெற்கே, திருவிதாங்கூரில் இருந்த இன்றைய குமரி மாவட்டப் பகுதிகளில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடுவதற்கே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல் மன்னர் அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

வடக்கே, அப்போதைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டையோ பனியனோ கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மறுவருடம் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. இந்த ரெண்டுக்கும் நடுவில் கிடக்கிற மண்தான் நம்முடையது.

இந்தப் பின்னணியில்தான் காந்தியையும் அம்பேத்கரையும் பார்க்க வேண்டும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். லண்டனில் பாரிஸ்டர் படித்த, திவான் வீட்டுப் பிள்ளை. துறப்பதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. சட்டை போடக் கூடாது என்று விதிக்கப்பட்டவனுக்குத் துறக்க என்ன இருக்கிறது? அவனுக்குக் கோட்டு போடுவதுதான் மீறல். அம்பேத்கர் சிலைகள் நீலக் கோட்டோடு நிற்பதை ‘மேற்கத்திய மோகம்’ என்று கேலி செய்கிறவர்கள் அந்த எட்டுத் தடைகளை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

5

இனி நம் காலத்துக்கு வருவோம். 2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்ததால், சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டுக்குள் நுழைய முடியவில்லை. நாடே பேசியது. அடுத்த மாதமே வேட்டியையும் பிற இந்திய மரபு உடைகளையும் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் நின்று யோசியுங்கள்: தடுக்கப்பட்டவர் நீதிபதி. சாரத்தோடு போய்க் கிளப் வாசலில் நின்று அந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் ஒரு தறித் தொழிலாளிக்கு எங்கிருந்து வரும்?

கோயிலுக்கும் விதி வந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி 2016 ஜனவரி 1 முதல் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்த மாதமே மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 மே மாதம் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு அரசாணை வந்தது: ஆண்களுக்குச் சட்டையோடு ‘ஃபார்மல்’ பேண்ட், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி, அல்லது இந்திய மரபு உடை, பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், அல்லது துப்பட்டாவோடு சுடிதார். அங்கே ‘கேஷுவல்’ என்பதே கூடாத சொல். ஒரு ஆபீசில் ‘கேஷுவலாக வா’ என்பது கட்டளை, இன்னொன்றில் ‘கேஷுவலாக வராதே’ என்பது கட்டளை. ரெண்டிலும் கட்டளை மட்டும் மாறவில்லை.

2024இல் துணை முதலமைச்சர் டி-சர்ட் போட்டு அரசு நிகழ்ச்சிகளுக்கு வருவது இந்த ஆணையை மீறியதாகுமா என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. நம் பக்கத்துத் தென்காசியில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தை நடத்திய ஸ்ரீதர் வேம்பு வேட்டி கட்டி இருக்கிற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எளிமை என்று பாராட்டினார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. மேலே போகப் போக விதி தளர்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. உச்சியில் இருப்பவர் தளர்வாக உடுத்தினால் அது ஆளுமை. வாசலில் நிற்பவன் அதையே செய்தால் அசட்டை. ‘கேஷுவல்’ என்பது ஒரு உடை இல்லை, ஒரு சலுகை.

6

பெண்களுக்கு இந்தச் சந்து இன்னும் குறுகல். துப்பட்டா போட்டால் ‘பட்டிக்காடு’ என்று ஆபீசில் ஒரு பார்வை, போடாவிட்டால் தெருவில் ஒரு பார்வை. விடியக் காலையில் ஊரில் பஸ் ஏறுகிற பெண்ணையும், பத்து மணிக்கு ஆபீசில் நுழைகிற பெண்ணையும் ரெண்டு வேறு விதிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. உடம்பு ஒன்றுதான், துணியும் ஒன்றுதான். நகரத்துக்குப் போகும் வழியில் பைக்குள் துப்பட்டாவை மடித்து வைத்து, திரும்பும்போது எடுத்துப் போடுகிற பெண்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆண் ‘என்ன போடுவது’ என்று ஒரு முறை கேட்கிறான், அவள் ஒரு நாளைக்கு ரெண்டு முறை கேட்கிறாள்.

7

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? தத்துவம் பேசி அவன் வேலையைக் கெடுக்க எனக்கு உரிமையில்லை. வெளிர்நிறத்தில் காலர் வைத்த முழுக்கைச் சட்டை; பளபளப்பு, பெரிய எழுத்து, படம் எதுவும் வேண்டாம். ஜீன்ஸ் அல்லாத பேண்ட், கறுப்போ நீலமோ காக்கியோ. கால் மூடிய ஷூ, அதே நிறத்தில் பெல்ட். கோட்டு வேண்டாம், டை வேண்டாம். இதே போகிற பெண்ணென்றால் பருத்திச் சேலையோ நீளமான குர்தாவோ போதும். பிராண்ட் தேவையில்லை, துணி எடுத்துக் கொடுத்தால் நம்ம ஊர் டெய்லர் தைப்பார். துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். வெட்கப்பட வேண்டியது எழுதாமல் விட்டவர்கள்.

தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஆபீஸ்களில் சங்கம் வைக்கிறவர்கள், கல்லூரிகளில் வேலைவாய்ப்பு அறையில் உட்காருகிறவர்கள் ஒரு சின்னக் கோரிக்கையை வைக்கலாம்: விதி இருந்தால் அதைத் தமிழில், துணியின் பேர் சொல்லி எழுது, விதி இல்லையென்றால் உடையை வைத்து ஆளை எடை போடாதே. சம்பளம் வருமுன்னே புதுத் துணிக்குக் கடன் வாங்கச் செய்கிற விதியென்றால் செலவையும் நீயே கொடு. இது புரட்சியில்லை. எழுதாத விதியை எழுத வைப்பது மட்டும்தான். எழுதினால் எதிர்த்துப் பேசலாம், மாற்றச் சொல்லலாம். எழுதாததோடு எப்படிச் சண்டை போடுவது?

பையன் அன்று ராத்திரியே கம்பெனிக்கு எழுதினான்: நான் என்ன உடுத்த வேண்டும் என்று பட்டியலாக அனுப்புங்கள். மறுநாள் பதில் வந்தது. சட்டை, பேண்ட், ஷூ, டை தேவையில்லை. தறியை நிறுத்திவிட்டு அவன் அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இடுப்பில் சாரம், தோளில் துண்டு.

“இவ்வளவுதானா? இத மொதல்லயே எழுதியிருக்கலாம்லா” என்றார்.