படிப்பு பாதி, பட்டறை பாதி: கையெழுத்துப் போடும் முன்

ஐ.டி.ஐ.யில் படிக்கும் உங்கள் பிள்ளை ஒரு நாள் வந்து, “அடுத்த ஆறு மாதம் கம்பெனியில்தான் டிரெய்னிங், அப்பா கையெழுத்து வேணுமாம்” என்று ஒரு தாளை நீட்டலாம். உங்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம். படிக்கத்தானே சேர்த்தோம், வேலைக்கு ஏன் அனுப்புகிறார்கள்? சம்பளம் உண்டா? அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? கடைசியில் வேலை கொடுப்பார்களா? ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலில், ஏன் அனுப்புகிறார்கள்? பயிற்சி நிலையத்தில் கற்றுக்கொள்ளக் கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது. எந்திரங்கள் பழையவை என்ற குறை நெடுநாளாக உண்டு. அதைப் போக்கத்தான் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்தும் வேலையில் இறங்கியது. ஆனாலும் புது எந்திரம் வந்துவிட்டால் தொழிற்சாலை வந்துவிட்டதாக ஆகாது. வகுப்பில் ஒரு பொருளைக் கடைந்து காட்டினால் மதிப்பெண். தொழிற்சாலையில் அதே பொருளை ஐந்நூறு முறை, அளவு பிசகாமல், அடுத்த ஷிப்ட்காரர் வருவதற்குள் முடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் அங்கே நின்றால்தான் வரும்.

இது புதிய யோசனையா? இல்லை. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்கள் வளாகத்துக்குள்ளேயே தொழிற்கூடத்தை வைத்துக்கொண்டு மாணவர்களை வளர்த்தவை. ஜெர்மனியில் இளைஞர்கள் வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்திலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பது நாடு முழுக்க உள்ள வழக்கம்.

நம் ஊரில் இது மூன்று வடிவத்தில் வருகிறது. உங்கள் பிள்ளைக்கு வந்திருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

படிக்கும்போதே வருவது இருமுறைப் பயிற்சி (பாடம் ஐ.டி.ஐ.யில், கைவேலை நிறுவனத்தில்). 2016இல் மத்திய அரசு தொடங்கியது. ஓராண்டுப் பிரிவென்றால் மூன்று முதல் ஆறு மாதம், ஈராண்டுப் பிரிவென்றால் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் நிறுவனத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஐ.டி.ஐ.யும் நிறுவனமும் உடன்படிக்கை போட்டிருக்க வேண்டும். பிள்ளைக்குப் பணம் உண்டா, சாப்பாடு உண்டா, பேருந்து உண்டா என்பதெல்லாம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல்வரிடம் போய்க் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை.

பாலிடெக்னிக்கில் இருப்பது சாண்ட்விச் படிப்பு. மூன்று ஆண்டு டிப்ளமோ மூன்றரை ஆண்டாகும், இடையில் தொழிற்சாலைப் பயிற்சி சேரும்.

மூன்றாவதுதான் பெரியது. படிப்பு முடிந்த பின் செய்யும் தொழிற்பழகுநர் பயிற்சி. மக்கள் வாயில் இது ‘அப்ரண்டிஸ்’. 1961இல் வந்த தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் நடப்பதால் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்றும் சொல்வார்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே நிறுவனம் உங்களுக்குத் தயவு செய்கிறது என்று நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம்.

பணம் எவ்வளவு? இதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, உதவித்தொகை என்பார்கள். 2019 விதிப்படி கல்வித் தகுதியைப் பொறுத்து மாதம் குறைந்தது 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதற்கு மேல் நிறுவனம் தரலாம், குறைக்கக் கூடாது. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தும்படி 2025 மே மாதம் மத்தியப் பழகுநர் குழு பரிந்துரைத்தது. ஆகவே கையெழுத்துப் போடும் நாளில் எந்தத் தொகை நடப்பில் இருக்கிறது என்று அரசின் ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கையில் வருவது 7,000 ரூபாய். வெளியூரில் அறை வாடகையும் மெஸ் செலவும் 5,500 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,500. அதில் பேருந்து, செல்போன், ஊருக்கு வந்துபோகும் செலவு. வெளியூர் நிறுவனம் 500 ரூபாய் கூடுதலாகத் தந்தாலும், பக்கத்து ஊர் நிறுவனத்துக்கு வீட்டுச் சாப்பாட்டோடு போய்வர முடிந்தால் அதுதான் லாபம். பெண் பிள்ளை என்றால் இரவு ஷிப்ட் உண்டா, வண்டி வீட்டு வாசல் வரை வருமா என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

சட்டப்படி உங்கள் பிள்ளை யார்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். அதனால் பி.எப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. “முடிச்சா பெர்மனென்ட் பண்ணிடுவாங்க” என்று யாராவது சொன்னால், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வாக்கை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் தொழிலாளி இல்லை என்பதற்காகப் பாதுகாப்பே இல்லை என்று பொருளல்ல. பயிற்சியின்போது விபத்தில் அடிபட்டால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் கடமை. தொழிற்சாலைகளுக்கான உடல்நலம், பாதுகாப்பு விதிகள் பழகுநருக்கும் பொருந்தும். பழகுநர் ஆலோசகரின் (பயிற்சியைக் கண்காணிக்கச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. பீஸ் ரேட்டில் கூலி பேசக் கூடாது. “இத்தனை பீஸ் போட்டால் இவ்வளவு” என்று பிள்ளையிடம் பேசினால், அது பயிற்சி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன் வெல்டிங் பழகப் போகிறேன் என்று ஓராண்டு ஒரு நிறுவனத்துக்குப் போய்வந்தான். ஆண்டு முழுக்க அட்டைப் பெட்டி ஒட்டினான். வந்து நின்றபோது கையில் ஒரு சான்றிதழும் இல்லை. அவன் ‘டிரெய்னி’ என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருந்தான், சட்டப்படியான பழகுநராக இல்லை. அந்த வீட்டில் எவரும் படித்தவர்கள் இல்லை. கேட்கத் தெரியாததால் ஓராண்டு போயிற்று என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்படியானால் உண்மையான பயிற்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகியிருக்கும், அதற்கு ஒரு பதிவு எண் இருக்கும். எந்தத் தொழிற்பிரிவு, எத்தனை மாதம் என்று அதில் எழுதியிருக்கும். முடிவில் தேர்வு இருக்கும், தேறினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் விளக்கம் கேளுங்கள். வெறும் ‘டிரெய்னி’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகப் பேசிவருவது இதைத்தான்.

சேர்ந்த பிறகு என்ன செய்யலாம்? பயிற்சி எப்படி நடக்கிறது என்று நிறுவனம் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது சட்டம். அதோடு பிள்ளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதட்டும்: இன்று எந்த எந்திரம், என்ன வேலை, யார் சொல்லிக்கொடுத்தார். தொடர்ந்து மூன்று வாரம் ‘லோடு ஏற்றினேன்’ என்று வந்தால், அந்த நோட்டோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போகலாம். வாயால் சொல்வதை விட நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

வேலை உறுதி இல்லையென்றால் இத்தனை பாடு எதற்கு? சான்றிதழுக்குப் பின்னால் சில கதவுகள் திறக்கின்றன. ரயில்வேயின் லெவல் 1 பணிகளில் 20 சதவீதம், ரயில்வே நிலையங்களில் ஆக்ட் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது. பெரம்பூர் ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பழகுநர் அறிவிப்பு வந்தால் அவ்வளவு கூட்டம் விண்ணப்பிப்பதற்கு அது ஒரு காரணம். மேலே படிக்க விரும்பினால், ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பாதியில் விட்டுவந்தால்? இது பலர் கேட்க மறக்கும் கேள்வி. நிறுவனம் ஒப்பந்தப்படி நடக்காததால் பயிற்சி முறிந்தால், நிறுவனம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். உங்கள் பக்கத் தவறால் முறிந்தால், பயிற்சிக்கு ஆன செலவைத் திருப்பித் தரும்படி உங்களைக் கேட்க இடமுண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். அதனால் தாளை வீட்டுக்கு வாங்கிவந்து, ஒரு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.