சமுதாயக் கூடத்தின் சாவி

ஊருக்குப் பொதுவாக ஒரு கூடம். சர்க்கார் பணத்தில் எழுந்தது. சர்க்கார் பணம் என்றால், தீப்பெட்டி வாங்கியவனும் சோப்பு வாங்கியவளும் செலுத்திய வரிப்பணம். சுவரிலே கொட்டை எழுத்திலே 'சமுதாயக் கூடம்' என்று எழுதியிருக்கிறது. கதவிலே பூட்டுத் தொங்குகிறது. சாவி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஊராட்சி அலுவலகத்தைக் காட்டும் ஊர்களும் உண்டு. பெரிய வீட்டுத் திண்ணையைக் காட்டும் ஊர்களும் உண்டு.

சொத்து ஊராட்சியின் பெயரில் இருந்து என்ன பயன், சாவி ஒருவர் மடியிலே இருந்தால்?

சமுதாயம் என்ற சொல்லுக்கு நம் நாட்டிலே இரண்டு பொருள் வழங்குகிறது. மேடையிலே பேசும்போது சமுதாயம் என்றால் மக்கள் அனைவரும். பெண் பார்க்கப் போகும்போது 'நம்ம சமுதாயம்' என்றால் சாதி! சுவரிலே எழுதியது முதற்பொருளில். சாவி வைத்திருப்பவர் படிப்பதோ இரண்டாம் பொருளில். 'ஊர்' என்ற சொல்லும் அப்படியே. "ஊர்க்கூட்டத்திலே முடிவு செய்தோம்" என்பார்கள். காலனிக்கு அழைப்பே போயிராது.

ஆகவே, பொதுக்கூடத்தை ஊராரே நடத்தட்டும் என்று சொல்லப்படும்போது நாம் கேட்கும் முதற்கேள்வி: ஊரார் என்றால் யார்?

இது இன்று முளைத்த கேள்வியல்ல. 1924-இல், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், சென்னைச் சட்டசபையிலே இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுக் காரியம் நடக்கும் கட்டடம் ஆகியவற்றுக்கு எந்த வகுப்பினரும் செல்லலாம் என்றது தீர்மானம். சபை ஏற்றது, ஆணையும் பிறந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களிலே சாதியின் பேரால் தடை கூடாது என்றது. 1997-இல் கலைஞர் அரசு பெரியார் பெயரால் சமத்துவபுரம் கண்டது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. அனைவருக்கும் சமுதாயக் கூடம் ஒன்றே, சுடுகாடும் ஒன்றே.

சட்டம் கதவைத் திறந்தது. சாவிக்காரர் சாத்துகிறார். நேரடியாக மறுப்பாரா? மாட்டார்! "அன்றைக்குத் தேதி இல்லையே அப்பா" என்பார். தேதி எழுதிய நோட்டைக் காட்டுங்கள் என்றால், நோட்டே கிடையாது.

ஆலையிலே உழைக்கும் தோழர் தன் மகளுக்கு மணம் முடிக்க வேண்டும். ஊர்க்கூடம் கிடைத்தால், மாலை மாற்றி, நாலு பேர் வாழ்த்த, சுயமரியாதைத் திருமணம் செலவின்றி முடிந்துவிடும். 1967-இல் அண்ணா அரசு அதற்குச் சட்ட மதிப்பும் தேடித் தந்தது. கூடம் கிடைக்காவிட்டால்? டவுன் கல்யாண மண்டபம், மண்டபத்துக்குக் கடன், கடனுக்கு வட்டி. ஒரு பூட்டு, ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்குகிறது!

"அப்படியானால் அதிகாரியே வைத்துக்கொள்ளட்டுமே" என்பாரும் உளர். அதிகாரிக்கு ஊர் பல. விளக்கு எரியவில்லை, ஓடு ஒழுகுகிறது என்பது அவருக்கு எப்போது தெரியும்? திறக்காத கூடத்தில் வௌவால்தான் குடியேறும். மக்களே நடத்துவதுதான் சரி. ஆனால், மக்கள் அனைவரும் நடத்த வேண்டும்.

எப்படி? கூடம் ஊராட்சியின் சொத்தாகவே நிற்கட்டும். நடத்தும் பொறுப்பு மட்டும் ஒரு குழுவுக்கு. அக்குழுவைக் கிராமசபை தேர்ந்தெடுக்கட்டும். தெருவுக்கு ஒருவர், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். வாடகை அனைவருக்கும் ஒன்றே. அது பலகையில் எழுதப்படட்டும். பதிவு நோட்டு எவரும் பார்க்கும் இடத்திலே இருக்கட்டும், முன்னே கேட்டவருக்கு முன்னுரிமை, பணத்துக்கு ரசீது. கூட்டிப் பெருக்குபவருக்குக் கூலி உண்டு. அந்த வேலையை ஒரே தெருவின் தலையில் கட்டுவது கூடாது. மணவிழா இல்லாத நாளிலே மாலைப் பாடசாலை, படிப்பகம், மகளிர் குழுக் கூட்டம், தொழிற்சங்கக் கூட்டம் நடக்கட்டும். வாடகை வந்தது எவ்வளவு, மின்சாரத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் போனது எவ்வளவு என்று கிராமசபையிலே கணக்கு படிக்கப்படட்டும்.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். பெரிய வீட்டிலிருந்து சாவியை வாங்கிக் கிளைக் கழகச் செயலாளர் வீட்டு ஆணியிலே மாட்டினால், அதற்குப் பெயர் விடுதலையல்ல. வீடு மாறியது, அவ்வளவுதான். நமக்கு ஓட்டுப் போடாதவன் வீட்டுத் திருமணத்துக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும். அப்போதுதான் நாம் கேட்டது நியாயம் என்று நாடு நம்பும்.

2022-இலிருந்து ஆண்டுக்கு 6 முறை கிராமசபை என்று ஏற்பாடு. அவற்றில் ஒன்று மே முதல் நாள், நம் தொழிலாளர் திருநாள். அன்று ஆலைக்கு விடுமுறை. ஊருக்குப் போங்கள், தோழர்களே! கொடியேற்றிவிட்டுக் கிராமசபைக்குச் செல்லுங்கள். காலனித் தோழரையும், அவர் வீட்டுத் தாய்மாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல் கேளுங்கள்: "சமுதாயக் கூடத்தின் பதிவு நோட்டு எங்கே? கணக்கு எங்கே? சாவி யாரிடம்?"

பதில் வரும்வரை உட்காராதீர்கள்.