ஆன்லைன் கேமில் நம்பும்படியான கேரக்டர் உருவாக்குவது எப்படி?

கம்ப்யூட்டர் கேம் என்றதும் சுடுவது, வெட்டுவது, பாயின்ட் சேர்ப்பது ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு வேடம் தாங்கி, அந்த வேடத்திற்கு ஏற்றபடி பேசிப் பழகும் விளையாட்டும் உண்டு. இதைத்தான் ரோல்பிளேயிங் என்கிறார்கள். நாடகம் போன்றதுதான். ஆனால் வசனம் எழுதித் தர யாரும் இல்லை. தனியாக ரசிகர்களும் இல்லை. இருக்கும் எல்லோரும் நடிகர்களே.

பகலில் சாப்ட்வேர் எழுதுவது என் தொழில். இரவில் சில மணி நேரம் இப்படி வேடம் கட்டுவது என் பொழுதுபோக்கு. புதிதாக விளையாட வரும் நண்பர்கள் "எந்த ரேஸ் எடுக்கலாம்? எந்த ஆயுதம் நல்லது?" என்று கேட்பார்கள். "என் கேரக்டருக்கு என்ன வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வியில்தான் எல்லாமே தொடங்குகிறது.

எழுத்தில் பிறந்த விளையாட்டு

1978ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற கேமை எழுதினார். அவருடன் படித்த ரிச்சர்ட் பார்ட்டில் அதை மேலும் வளர்த்தார். அதில் படமே கிடையாது. அறை, கதவு, எதிரி எல்லாமே வெறும் எழுத்துதான். பிறகு 1997ல் அல்டிமா ஆன்லைன், 1999ல் எவர்குவெஸ்ட், 2004ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று படங்களோடு பெரிய கேம்கள் வந்தன.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. முகத்தையும் தலைமுடியையும் மெனுவிலிருந்துதான் தேர்வு செய்கிறோம். அதே முகம் இன்னும் பல நூறு பேருக்கு இருக்கும். உங்கள் கேரக்டரை வேறுபடுத்திக் காட்டுவது நீங்கள் டைப் செய்யும் வரிகள் மட்டுமே.

ராஜகுமாரன் வேண்டாம்

புதியவர்கள் எழுதும் கேரக்டர்களில் பலர் அரசனின் தொலைந்துபோன மகன்களாக இருப்பார்கள். ஒரே ஊரில் இருபது ராஜகுமாரர்கள் நின்றால் யார்தான் நம்புவார்கள்? அந்த உலகத்தின் வரலாற்றில் ஒரு சாதாரண ஆளைத் தேடுங்கள்.

வார்கிராஃப்ட் கதையில் ஸ்டார்ம்விண்ட் என்ற நகரம் போரில் அழிகிறது. கல்தச்சர்கள் அதை மீண்டும் கட்டுகிறார்கள். பேசிய கூலியைப் பிரபுக்கள் கொடுக்க மறுக்கிறார்கள். ஏமாந்த தச்சர்களில் ஒரு பகுதியினர் எட்வின் வான்கிளீஃப் தலைமையில் 'டிஃபையஸ்' என்ற கொள்ளைக் கூட்டமாக மாறுகிறார்கள்.

என் கேரக்டரை இங்கிருந்துதான் எடுத்தேன். பெயர் மேரன். கூலி கிடைக்காத ஒரு தச்சரின் மகள். இப்போது அதே நகரத்தின் படையில் சிப்பாய். அவளுக்காக நான் நான்கே வரிகள் எழுதிக்கொண்டேன்:

• வேண்டியது: அப்பாவுக்குச் சேர வேண்டிய கூலி.
• பயம்: அண்ணன் கொள்ளைக் கூட்டத்தில் இருப்பது படையில் தெரிந்துவிடக் கூடாது.
• தவறான நம்பிக்கை: பணக்காரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள்.
• பழக்கம்: எந்தச் சுவரைப் பார்த்தாலும் கல் இணைப்பைத் தடவிப் பார்ப்பாள்.

பத்துப் பக்கச் சரித்திரத்தை விட இந்த நான்கு வரிகள் அதிகம் உதவும். வேண்டியது இருந்தால் கேரக்டர் தானே நகரும். பயம் இருந்தால் தயங்கும். நம்பிக்கை தவறாக இருந்தால், யாராவது ஒரு நல்ல பணக்காரர் அதை ஒருநாள் மாற்றலாம். அதாவது, அடுத்தவருக்கு உங்கள் கதையில் ஒரு வேலை கிடைக்கிறது.

சொல்லாதீர்கள், காட்டுங்கள்

பெரும்பாலான கேம்களில் எமோட் என்ற கட்டளை உண்டு. நீங்கள் டைப் செய்யும் செயல், கேரக்டரின் பெயரோடு சேர்ந்து அருகில் இருப்பவர்களின் திரையில் தெரியும். "மேரன் சோகமாக இருக்கிறாள்" என்று எழுதினால் எதிரில் இருப்பவர் செய்ய ஒன்றுமில்லை. "மேரன் சம்பளக் காசை மூன்றாம் முறை எண்ணுகிறாள்" என்று எழுதிப் பாருங்கள். "ஏன், குறைகிறதா?" என்று யாராவது கேட்பார்கள். உரையாடல் தொடங்கிவிடும்.

உங்களுக்குத் தெரியும், கேரக்டருக்குத் தெரியுமா?

திரையில் ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் பெயர் மிதக்கும். அது உங்களுக்குத்தான் தெரியும், உங்கள் கேரக்டருக்குத் தெரியாது. முன்பின் பார்க்காதவரைப் பெயர் சொல்லி அழைத்தால் அந்த நொடியே நாடகம் கலைந்துவிடும். "அய்யா, தாங்கள் யார்?" என்று கேளுங்கள். டோட்டல் ஆர்பி போன்ற ஆட்ஆன்களில் கேரக்டரைப் பற்றிய குறிப்பு எழுதும் வசதி உண்டு. அதிலும் தோற்றப் பகுதியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். தழும்பைப் பற்றி எழுதலாம்; தழும்பின் ரகசியத்தை எழுதக் கூடாது.

தோற்கத் தெரிய வேண்டும்

"அவன் கையை வெட்டினேன்" என்று எழுதுவது ரோல்பிளேயிங் உலகில் பெரிய மரியாதைக் குறைவு. "அவன் கையை நோக்கி வாளை வீசுகிறேன்" என்று எழுதி நிறுத்துங்கள். வாள் பட்டதா இல்லையா என்பதைச் சொல்வது அவர் உரிமை. அதேபோல் உங்கள் மீது வரும் எல்லா அடியிலிருந்தும் தப்பித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒருமுறை காயம்பட்டு நொண்டி நடக்கும் சிப்பாயைத்தான் மற்றவர்கள் மனிதனாக நம்புவார்கள். எப்போதும் ஜெயிக்கும் கேரக்டரோடு விளையாட ஆட்கள் மெல்ல மெல்லக் குறைந்துவிடுவார்கள்.

வேடம் வேறு, நாம் வேறு

இதுதான் மிக முக்கியம். கேரக்டரின் கோபம் உங்கள் கோபம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் தளர்ந்துபோய் வேலை முடிந்து வந்தவராக இருக்கலாம். பள்ளி மாணவராகவும் இருக்கலாம். கடுமையான காட்சிக்கு முன் இரட்டை அடைப்புக்குறிக்குள் "இப்படிப் போகலாமா?" என்று கேட்டுவிடுங்கள். அடைப்புக்குறிக்குள் எழுதினால் பேசுவது கேரக்டர் அல்ல, ஆட்டக்காரர் என்பது பரவலான வழக்கம். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள்.

கேரக்டருக்கு உங்கள் சொந்த ஊர், பிறந்த தேதி, படிக்கும் பள்ளி எதையும் கொடுக்காதீர்கள். நாடகக் காதலுக்கு நடுவே நிஜ முகவரியோ போட்டோவோ பணமோ கேட்டால் விளையாட்டை அங்கேயே நிறுத்துங்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாடினால் பெற்றோர் இதை முதலிலேயே சொல்லிக்கொடுப்பது நல்லது.

கிராபிக்ஸ் கார்டு இல்லையே என்ற கவலையும் வேண்டாம். எழுத்து மட்டுமே உள்ள மட் கேம்கள் இன்றும் இயங்குகின்றன. பழைய கம்ப்யூட்டரும் மெதுவான இணைப்பும் அவற்றுக்குப் போதும். ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் கேரக்டரின் நான்கு வரிகளை எழுதிக்கொண்டு உள்ளே போங்கள். ஐந்தாவது வரியை அங்கே சந்திக்கும் யாரோ ஒருவர் எழுதுவார். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.