கெல்லி மாளிகையில் உலவுவது யார்?

பேரா மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், ராயா ஆற்றை அடுத்த மேட்டின்மேல் முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்கின்றது. செங்கல் வெளித்தெரியும் சுவர்கள். வளைவு வளைவான சாளரங்கள். ஒருபுறம் உயர்ந்த கோபுரம். மக்கள் இதனைக் கெல்லி கோட்டை என்பர். பெயர்தான் கோட்டையே தவிர இது படைவீடு அன்று. ஒரு தோட்டத்துரை தம் குடும்பத்திற்கெனக் கட்டத் தொடங்கிய வீடு. இன்று கட்டணம் செலுத்திப் பார்க்கும் காட்சியகமாக விளங்குகின்றது. வருவோரிற் பலர் கட்டடத்தைக் காண்பதினும் பேயைக் காணும் ஆவலோடு வருகின்றனர் என்றால் மிகையாகாது. பள்ளிச் சுற்றுலாக்களும் இதற்கு விலக்கல்ல. பேருந்து ஆற்றைக் கடக்குமுன்பே மாணாக்கரிடையே கதை தொடங்கிவிடும்.

அக்கதைகள் பெரும்பாலும் இரண்டே. மாடத்து நடைவழியில் இரவுதோறும் துரையின் ஆவி உலவுகின்றதாம். அவர் தம் மாளிகையை இன்னும் காவல் காக்கின்றாராம். பிள்ளைகளுக்கென அமைந்த அறையிலோ அவர் மகள் ஹெலன் சிறுமியாய்த் தோன்றுகின்றாளாம். இவற்றோடு மறைவறைகளைப் பற்றியும் சுரங்கவழியைப் பற்றியும் சொல்லப்படுவன சேர்ந்துகொள்ளும்.

பேய் உண்டா இல்லையா என்னும் வழக்கை ஈண்டு எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. உண்டென்றே வைத்துக்கொண்டு, வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காத்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். காடழித்துச் சாலை போடும் குத்தகைகளில் பொருளீட்டி, கிந்தா வட்டாரத்தில் ஆயிரம் ஏக்கர் காட்டு நிலம் வாங்கினார். பிறந்த ஊரின் பெயரை நினைந்து தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் எனப் பெயரிட்டார். இரப்பரும் ஈயமும் செல்வத்தைப் பெருக்கின. 1904-இல் மகள் ஹெலன் பிறந்தாள். 1915-இல் மகன் அந்தோணி பிறந்தான். அவ்வாண்டை ஒட்டியே, முன்பிருந்த வீட்டுக்கு அருகில் இப்பெருமாளிகையின் வேலை தொடங்கிற்று. மலாயாவிலேயே முதன்முதலாக ஒரு மின்தூக்கியை இக்கோபுரத்தில் அமைக்கத் துரை எண்ணியிருந்தார். அதற்கான வழி இன்றும் வெறுங்கூடாக நிற்பதைக் காணலாம். 1926-இல் ஐரோப்பா சென்றவர் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில் சளிக்காய்ச்சலால் இறந்தார். வயது 56. மனைவி ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு நிறுவனத்துக்கு விற்றார். வேலை நின்றது; காடு உள்ளே புகுந்தது.

இனிப் பேய்க்கதைக்கு வருவோம். துரை இறந்தது பல்லாயிரம் கல் தொலைவில். மாளிகையோ முடிவுறவே இல்லை. முடிந்த மாளிகையில் ஒருநாளும் அவர் வாழ்ந்ததில்லை. தந்தை இறந்தபோது ஹெலனுக்கு வயது இருபத்திரண்டு. இருபத்திரண்டு வயது மங்கையின் ஆவி சிறுமியாக ஏன் வரவேண்டும்? கதை கட்டினோர் இக்கணக்கைப் பார்த்திலர்.

உண்மையில் அத்தோட்டத்திலேயே மாண்டவர்கள் வேறு மக்கள். மாளிகை வேலைக்கெனச் சென்னையிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்தே வந்தன என்பர். அக்காலத்தில் தமிழ்த் தொழிலாளர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவதே வழக்கம். 1918-இல் உலகையே சூறையாடிய விஷக்காய்ச்சல் மலாயாவையும் பிடித்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது கொண்டுபோயிற்று. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குட்பட்ட உழைக்கும் உடல்களையே அது மிகுதியாகச் சாய்த்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர் பெரும்பாலும் அவ்வயதினரே. நெருக்கமான லயத்தில் ஒருவர் இருமினால் வரிசை முழுவதும் படுக்கும். கிந்தா கெல்லாஸ் தொழிலாளரிலும் பலர் இறந்தனர்.

ஆவி உலவுவதற்கு நியாயம் உண்டென்றால் அது இவர்களுக்கே உண்டு. ஆனால் பரவலாகச் சொல்லப்படும் கதைகளில் வருவது துரை, துரைமகள். ஒரு கொத்தனோ, சித்தாளோ வருவதில்லை. செத்த பின்னும் மாளிகைக்குள் நுழைய அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை போலும்!

எஞ்சியிருந்தோர் செய்தது யாது? அவர்கள் துரையிடம் சென்று, அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமென்று கேட்டனர். அவரும் இசைந்தார். மாளிகையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. வெப்பு நோய்களைத் தருபவளும் தணிப்பவளும் அவளே என்பது நாட்டுப்புற நம்பிக்கை. ஆகவே கொள்ளைநோய்க் காலத்தில் வேறு தெய்வத்தை நினைக்க அவர்களுக்குத் தோன்றியிராது. இந்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றிலும் அம்மன் கோயில் இருப்பதற்கு இத்தகைய அச்சமும் ஒரு காரணம்.

அக்கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களோடு ஒன்றாக, வெள்ளைக்காரர் உடையில் துரையின் சிலையும் நிற்கின்றது. இதைக் காட்டிச் சிலர், நம்மவர் துரையையும் சாமியாக்கிவிட்டனர் என்று நகைப்பர். சிலர் அடிமைப்புத்தி என்று கடிவர். இரண்டும் அவசர முடிவு. கோயிலுக்குக் கொடுத்தவனின் உருவைக் கோயிலிலேயே வைப்பது தமிழகத்தின் நெடுநாள் மரபு. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் திருமலை நாயக்கரும் அவர் முன்னோரும் நிற்கின்றனர். திருப்பதியில் கிருஷ்ணதேவராயர் தேவியர் இருவரோடும் கைகூப்பி நிற்கின்றார். அவர்களை யாரும் தெய்வமென்று வணங்கவில்லை. ஏட்டறிவு அற்றவர் என எண்ணப்பட்ட தொழிலாளர், தாம் அறிந்த மரபின்படி ஒரு கொடையாளிக்கு உரிய இடத்தைக் கொடுத்தனர் என்று கொள்வதே பொருந்தும். அவர்கள் கண்ட முறையில் துரை ஆவியாக அலையவில்லை. அம்மன் கூரையில் அடக்கமாக நிற்கின்றார்.

மாளிகைக்குப் பேயின் பெயர் ஒட்டிக்கொண்டது எங்ஙனம் என்பதும் விளங்காததன்று. கதவில்லா வாயிலும் இருண்ட படிக்கட்டும் மரவேர் பற்றிய சுவரும் இருந்தால் ஊரார் வாய் சும்மா இராது. 1999-இல் வெளிவந்த ‘அன்னா அண்ட் த கிங்’ என்னும் ஆங்கிலப் படத்தின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டன. புகழ் இன்னும் பரவிற்று. கதை கூடுதலான பார்வையாளரைத் தருகின்றது என்பதால் அதை மறுப்பாரும் குறைவு.

மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கதையைத் தடுக்க முயல வேண்டா. தடுத்தால் அது பேருந்தின் பின்னிருக்கைக்குப் போய்விடும். முழுவதும் சொல்லவிட்டு, 1904-ஐ 1926-இலிருந்து கழிக்கச் சொன்னாற் போதும். பின்னர்ச் சுவரருகே நிறுத்தி, ஒரு வரிசைச் செங்கல்லை எண்ணச் சொல்லலாம். ஒவ்வொன்றையும் ஒரு கை எடுத்து வைத்தது. திரும்பும் வழியில் கோயிலிலும் பேருந்தை நிறுத்துவதற்குக் கால்மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்வது நன்று. மாளிகையிலேயே பொழுது போய்விடுவதால் அதனைப் பாராமலே திரும்புதல் எளிது.