மணலிற் குடியிருக்கும் விலாங்கு

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கைப் பற்றிய பழமொழியை அறியாத தமிழர் இலர். ஈண்டு யாம் கூறப் புகுவது அவ்விலாங்கிற்கு உறவாகிய ஒரு கடல்மீனைப் பற்றியாம். இது தன் வாலை எவர்க்கும் எளிதிற் காட்டுவதில்லை. இதனை ஆங்கிலேயர் தோட்ட விலாங்கு என்பர்.

வெப்பக் கடல்களில், பவளப் பாறைகளை அடுத்த மணற்றரையில், இம்மீன்கள் நூற்றுக்கணக்காகக் கூடி வாழும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வளை உண்டு. கூரிய வாலினால் மணலைத் துளைத்துப் பின்புறமாகவே உள்ளிறங்கி, தோலில் ஊறும் பசையால் வளைச்சுவர் இடியாதபடி பூசிக்கொள்ளும். பின்னர் உடலின் மேற்பகுதியை மட்டும் வெளியே நீட்டி, நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்துவரும் நுண்ணுயிர்களைக் கவ்வி உண்ணும். மாடம்பாக்கத்து ஏரிக்கரையிற் கோரைகள் ஒருங்கே அசைவதைக் கண்டோர் இக்காட்சியை ஒருவாறு உணரலாம். ஓட்டம் கடுமையாயின், உடலை வளைத்துச் சற்றே உள்ளிறங்கி நீரின் விசையைத் தணித்துக்கொள்ளும். இணைசேருங் காலத்தும் வளையைத் துறவாது, அண்டையிலுள்ள துணையை நோக்கி உடலை நீட்டும்.

இவ்வினத்திற்கும் நம் நாட்டிற்கும் தொடர்புண்டு. 1957–58-ஆம் ஆண்டுகளில் ஹான்ஸ் ஹாஸ் என்பார் ஸாரிபா என்னுங் கப்பலில் இந்துமாக்கடலை ஆராய்ந்தார். அதன் பயனாக, மாலத்தீவு, நிக்கோபார்த் தீவு ஆகிய இடங்களின் தோட்ட விலாங்குகளை கிளவுசெவிட்ஸ், ஐபிள்-ஐபெஸ்பெல்ட் என்னும் விலங்கியலார் இருவர் 1959-இல் உலகுக்கு அறிவித்தனர். அவற்றுள் ஒன்று ஹாஸ் பெயராலேயே வழங்குகின்றது. அது வெண்ணிற உடலிற் கரும்புள்ளிகள் செறிந்தது, விரற்பருமனே உடையது, ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் வரை நீளும்.

நிற்க. இம்மீன்கள் மிக்க அச்சமுடையன. மனிதன் அணுகின், கூட்டம் முழுவதும் கணத்தில் மணலுள் மறையும். தோக்கியோ நகரத்துச் சுமிதா மீன்காட்சிசாலையில் ஏறக்குறைய 300 தோட்ட விலாங்குகள் மக்களைக் கண்டு பழகியிருந்தன. 2020-இல் கொள்ளைநோய் காரணமாகச் சாலை மூடப்பட்டபின், அவை மனிதரை மறந்து, காவலரைக் கண்டும் ஒளியலாயின. ஆதலின், அவ்வாண்டு மே மாதத்தில் மக்கள் தத்தம் வீட்டிலிருந்தே தொலைபேசித் திரைவழியாக அவற்றிற்கு முகங்காட்டுமாறு காட்சிசாலையார் வேண்டினர்.

இவ்வியல்பிலே நாம் எண்ணற்குரியதொன்று உளது. பெரிய நிக்கோபாரின் கலாதியா விரிகுடாவிற் பெருந்துறைமுகம் அமைக்க 2022-இல் இந்திய அரசு சுற்றுச்சூழல் இசைவு அளித்தது. துறைமுகம் எங்கு அமையினும் கடலடி மணலைத் தோண்டுதல் நேரும். விரைந்து நோக்குவார்க்கு அம்மணற்பரப்புப் பாழ்நிலமாகவே தோன்றும். உள்ளே ஓர் ஊரே ஒளிந்திருத்தலுங் கூடும். நம் மாணவருட் கடலாராய்ச்சிக்குச் செல்வார், "இங்கு ஒன்றுமில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுமுன், சிறிது நேரம் அசையாது காத்திருப்பாராக.