சிற்றலை ரேடியோச் சுருளை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை

ரேடியோப் பெட்டியின் உறுப்புகளுள் கிராமவாசி தம் கையால் எளிதில் செய்துகொள்ளத்தக்கது கம்பிச் சுருள் ஒன்றே. வால்வையும் கண்டென்ஸரையும் கடையில் வாங்கியே தீரவேண்டும். சுருளோ ஒரு மூங்கிற் குழாய், ஒன்றேகால் கஜம் செம்புக் கம்பி, சிறிது தேன்மெழுகு ஆகியவற்றால் முடிந்துவிடும். சங்கத்தில் உள்ள பழைய வால்வுப் பெட்டி மழைக்காலம் கழிந்தபின் ஊமையாகிவிட்டால், சுருளின் கம்பி பச்சை பூத்து அறுந்திருப்பதும் ஒரு காரணமாகலாம். அங்கத்தினர்கள் அதனைச் சோதியாமல் பெட்டியையே ஏலத்தில் தள்ளுவது பொதுப் பணத்திற்கு வீண் நஷ்டம்.

சிற்றலையின் அருமை நம் ஜில்லாவிற்குப் புதிதன்று. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ல் சென்னை நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் மத்திய அலைக் கருவியின் சக்தி கால் கிலோவாட். சிற்றலைக் கருவியினுடையதோ 10 கிலோவாட். வாழப்பாடி சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 160 மைல். கால் கிலோவாட் ஒலி பகலில் இவ்வளவு தூரம் வருவதற்கில்லை. சிற்றலையோ மேலே சென்று, ஆகாயத்தின் உயர்ந்த படலத்தில் வளைந்து, தொலைதூரத்தில் மீண்டும் பூமிக்கு இறங்குகிறது. 1939 மே மாதத்தில் திருச்சி நிலையம் 5 கிலோவாட் சக்தியுடன் தோன்றிய பின்னரே மத்திய அலை நமக்கு அருகில் வந்தது.

இனிச் சுருளின் தன்மையைக் கூறுவோம். ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள குழாயில் மத்திய அலைக்கு ஏறத்தாழ 100 சுற்று வேண்டும். சிற்றலைக்கு 8 சுற்றே போதும். வேலை சுலபம் என்று எண்ணிவிடலாகாது. நூற்றில் ஒரு சுற்றுத் தவறினால் குற்றமில்லை. எட்டில் ஒன்று தவறினால் நிலையம் இருந்த இடத்தில் இராது.

மூங்கிலை வெயிலில் பல நாள் நன்றாக உலர்த்துக. பாக்குத் தோப்பை அடுத்த வீடுகளில் ஈரம் விரைவில் ஏறுமாதலின் வெயில் மட்டும் போதாது. மிதமான சூட்டில் உருக்கிய மெழுகில் அதனை அமிழ்த்தி, குமிழி எழுவது நிற்கும்வரை வைத்திருத்தல் வேண்டும். ஈரமூங்கில் சிற்றலையின் வலிமையைத் தின்றுவிடும்.

18-ஆம் நெம்பர் எனாமல் கம்பிகள் இரண்டை அருகருகே சேர்த்து இறுக்கமாக 8 சுற்றுச் சுற்றுக. பின்னர் ஒன்றைக் கழற்றிவிட்டால், எஞ்சிய சுற்றுகளுக்கிடையே கம்பியின் கனத்திற்குச் சமமான இடைவெளி தானாகவே அமையும். அளவுகோல் தேவையில்லை. கழற்றிய கம்பி அடுத்த சுருளுக்கு உதவும். சுருளின் மேல்முனை வால்வின் கிரிட்டுக்கும், கீழ்முனை எர்த்துக்கும் செல்லும். கீழ்முனைக்குக் கால் அங்குலம் தள்ளி மெல்லிய கம்பியால் 3 சுற்று ஏரியலுக்காகச் சுற்றுக. 365 பைக்கோபாரட் கண்டென்ஸருடன் இச்சுருள் ஏறத்தாழ 49 மீட்டர் முதல் 19 மீட்டர் வரை இசையும். கண்டென்ஸரை முழுதும் மூடியும் 49 மீட்டர் எட்டாவிடின் சுற்றுகளைச் சற்று நெருக்குக. திறந்தும் 19 மீட்டர் கிட்டாவிடின் விலக்குக. சரியானபின் மெழுகினால் நிலைப்படுத்துக.

இக்கணக்கு ஓரிரண்டு வால்வுள்ள எளிய பெட்டிக்கே பொருந்தும். சூப்பர்ஹெட் பெட்டியில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டுமாதலால், பழைய சுருளை எண்ணிக்கொண்டே பிரித்து, அதே கனக் கம்பியால், அதே திசையில் சுற்றுவதே முறை. மின்சாரப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிய பின்னும் கண்டென்ஸர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறத்தல் கூடாது.

இன்று சிற்றலை நிலையங்கள் குறைந்துவிட்டன, லண்டன் பி.பி.ஸி.யின் தமிழ் வானொலியும் 2017-ல் நின்றது. ஆயினும் இரவில் 49, 41, 31 மீட்டர்களில் அயல்நாட்டு நிலையங்கள் இன்னும் கேட்கின்றன.

ரியாக்ஷன் உள்ள பெட்டியாயின் எர்த் முனைக்கருகில் மேலும் 5 சுற்று வேண்டும். குமிழைத் திருப்பியும் மெல்லிய இரைச்சல் பிறவாவிடின் அதன் இருமுனைகளையும் மாற்றி இணைக்க. இரைச்சல் பிறந்ததும் குமிழைச் சற்றுப் பின்வாங்குதல் அவசியம்; இன்றேல் பெட்டியே அலை வீசி அடுத்த வீட்டாரின் ரேடியோவில் ஊளையிடும்.